அவசரப் பிரிவுச் சீட்டில் 'செல்ஃப் ஃபால்' மட்டும் போதாது

அரசு மருத்துவமனைகளின் அவசரச் சிகிச்சைப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும், அங்கே இரவுப் பணி பார்க்கும் மருத்துவர்களுக்கும்,

எலும்பு முறிந்து வருபவர்களின் சீட்டில் பெரும்பாலும் 'செல்ஃப் ஃபால்' (தானாக விழுந்தார்) என்று மட்டும் இருக்கிறது. வயது, ஆணா பெண்ணா என்பது மேலேயே இருக்கும். எவ்வளவு உயரத்திலிருந்து, எதை ஊன்றி விழுந்தார் என்பது இருக்காது. இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் எந்த எலும்பைத் தேட வேண்டும் என்பதே தெரியும்.

ஆறு வயதுப் பிள்ளை கையை ஊன்றி விழுந்து, முழங்கை வீங்கி வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மூட்டுக்குச் சற்று மேலே உடையும் சுப்ராகாண்டிலார் முறிவை. எக்ஸ்ரேக்கு அனுப்பும் முன்பே மணிக்கட்டில் நாடி பாருங்கள். நகத்தை அழுத்திவிட்டால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் சேர்த்து வட்டம் போடச் சொல்லுங்கள். முடியாவிட்டால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். பார்த்ததை நேரத்தோடு எழுதுங்கள். முழங்கையை முழுக்க மடக்கிக் கட்டாதீர்கள், வீக்கம் ஏற ஏற ரத்தக்குழாய் நெரிபடும். விரலை நீட்டிவிட்டாலே பிள்ளை அலறுகிறது, வலி மருந்துக்கும் அடங்கவில்லை என்றால் கட்டை அப்போதே அவிழ்த்தாக வேண்டும். ரத்தம் போகாத தசை சில மணி நேரத்தில் செத்துவிடும், பிறகு விரல்கள் மடங்கியபடியே நின்றுபோகும். இறுக்கிய நாட்டுக்கட்டோடு வரும் பிள்ளைகளுக்கும் இதே ஆபத்துதான்.

பிள்ளைகளின் எலும்பு பச்சைக் குச்சிபோல ஒரு பக்கம் மட்டும் விரிசல்விட்டு வளையும். எலும்பு நீளமாக வளரும் முனைப் பகுதியான வளர்தகட்டில் விழும் முறிவு எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். அதனால் மூட்டை ஒட்டி எலும்பின் மேல் அழுத்தும்போது வலித்தால் 'சுளுக்கு' என்று அனுப்பிவிடாதீர்கள். இன்னும் நடக்கத் தொடங்காத குழந்தைக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தால், யாரேனும் அடித்தார்களா என்று விசாரிக்காமல் விடக் கூடாது.

பைக் விபத்தில் வரும் இளைஞர்களிடம் கேள்வியே வேறு. தொடை எலும்பு முறிந்தால் வெளியே சொட்டு ரத்தம் தெரியாமல் உள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் தேங்கலாம். அதே காலின் இடுப்பு மூட்டுக்கும் எக்ஸ்ரே எடுங்கள். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி விரிசல் அங்கே ஒளிந்திருக்கலாம். எலும்பு தோலைக் கிழித்திருந்தால் ஆன்டிபயாடிக் ஊசி ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும். மரத்திலிருந்து விழுந்து குதிகால் நொறுங்கியவருக்கு முதுகெலும்பையும் பாருங்கள்.

ஐம்பத்தைந்து வயதுப் பெண் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வந்தால், விழுந்த வேகம் சிறியது, எலும்புதான் மெலிந்திருக்கிறது. நின்ற உயரத்திலிருந்து விழுந்து உடைவது எலும்பு மெலிவு நோயின் (ஆஸ்டியோபோரோசிஸ்) அடையாளம். மாவுக்கட்டோடு வீட்டுக்கு அனுப்பினால் அடுத்து உடைவது இடுப்பாக இருக்கலாம். கட்டுப் பிரிக்கும் நாளுக்குள் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா பரிசோதனைக்கு எழுதிக்கொடுங்கள். ஆண்களையும் விட்டுவிட வேண்டாம். இடுப்பு முறிந்த பின் ஓராண்டுக்குள் இறப்பவர்களின் விகிதம் பெண்களைவிட ஆண்களில்தான் அதிகம். விழுந்த முதியவர் நடந்தே வந்தாலும், எக்ஸ்ரே சரியாக இருந்தாலும், தொடை இடுக்கில் வலி இருந்தால் எம்ஆர்ஐ எடுக்காமல் அனுப்பாதீர்கள்.

நாங்கள் கேட்பது சீட்டில் போட ஒரு ரப்பர் ஸ்டாம்ப். அதில் மூன்று வரி: விழுந்த உயரம், ஊன்றிய இடம், நாடி பார்த்த நேரம்.

இப்படிக்கு,
எலும்பு முறிவுச் சிகிச்சையில் பணிபுரிவோர்