பருவ முடிவுக் கடிதம், கூடவே ஒரு டப்பா விஷயம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

இந்தப் பருவமும் நல்லபடியாக முடிந்தது. ஆண்டு விழா சிறப்பாக நடந்தது, தேர்வில் பிள்ளைகள் நன்றாக எழுதியிருக்கிறார்கள், திருக்குறள் போட்டியிலும் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள். அனைவருக்கும் வாழ்த்துகள்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளை நம் சான் டியேகோவின் பிரபலம் ஒருவரைப் பற்றித் தமிழில் எழுதச் சொல்லியிருந்தோம். பாதிப் பேர் பேஸ்பால் வீரர் டோனி க்வின்னைத்தான் எடுத்தார்கள். நம் ஊர் பாட்ரேஸ் அணி ஒன்றுக்கே 20 சீசன், 3,141 ஹிட், 8 முறை பேட்டிங் பட்டம் எல்லாம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். எனக்குப் பிடித்தது ஓய்வுக்குப் பிந்தைய க்வின். தான் படித்த சான் டியேகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கே திரும்பி, 2003 சீசனிலிருந்து தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். 363 வெற்றி, 363 தோல்வி, சரிக்குச் சரி! ஆனால் பள்ளி முடித்தபோது எந்த அணியும் சீண்டாத பந்துவீச்சாளர் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க், இவரிடம் ஆடிய பிறகு 2009 டிராஃப்டில், அதாவது தொழில்முறை அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் ஆளாகப் போனார்.

கட்டுரைகளில் ஒரு வரியோடு போய்விட்ட விஷயம் ஒன்று உண்டு. க்வின் 2014இல், 54 வயதில், உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயால் இறந்தார். வருடக்கணக்காக வாயில் புகையிலை ஒதுக்கியதுதான் காரணம் என்று அவரே நம்பினார். கல்லூரி நாட்களில் இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார்கள் என்று குடும்பத்தார் பிறகு வழக்கே போட்டார்கள். ஸ்ட்ராஸ்பர்க்குக்கும் அந்தப் பழக்கம் இருந்தது, குரு போன பிறகு விடப்போவதாகச் சொன்னார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன மாதம் நம் வகுப்பு நேரத்தில் கழிப்பறையில் ஒரு சின்ன வட்ட டப்பா கிடந்தது. புதினா வாசனை அடித்ததால் மிட்டாய் என்று நினைத்து ஆசிரியை ஒருவர் திறந்திருக்கிறார். உள்ளே நிக்கோட்டின் பவுச் (உதட்டுக்குள் ஒதுக்கி வைக்கும் சின்னப் பொட்டலம்), பாதி காலி. யாருடையது என்று தெரியவில்லை, யார் மேலும் பழி போடவும் இல்லை. ஆனால் விசாரித்தபோது "புகை வருவதில்லையே, பேஸ்பால் பசங்க எல்லாரும் வைப்பதுதானே" என்று ஒன்றிரண்டு பெற்றோரே சொன்னதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதில் புகையிலைத் தூள் இல்லாமல் இருக்கலாம், ஆனால் ஆளைப் பிடித்து வைப்பது அந்த நிக்கோட்டின்தானே. கலிஃபோர்னியாவில் 21 வயதுக்குக் கீழே யாருக்கும் அதை விற்கக் கூடாது, நம்மிடம் மூத்த பிள்ளைக்கே 17தான்.

அதனால் கண்டிப்பாகவே சொல்கிறேன். இனி யார் பையில் கிடைத்தாலும் அன்றே பெற்றோரை அழைத்து வீட்டுக்கு அனுப்புவேன், சிபாரிசு வேண்டாம். இது நாம் வாடகைக்கு எடுத்த கட்டடம், இப்படி ஒரு புகார் போனால் வகுப்பறையே கிடைக்காது. அப்புறம், வண்டி நிறுத்துமிடத்தில் நின்று ஊதுகிற அப்பாக்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான்.

பிள்ளை தானாக வந்து உண்மையைச் சொன்னால் திட்டாதீர்கள், என்னிடம் அழைத்து வாருங்கள், விஷயம் வெளியே போகாது. சனிக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டுக் கூட்டி வருகிறீர்கள், காபியும் கொண்டு வருகிறீர்கள், நாற்காலிகளை எடுத்து அடுக்கவும் நிற்கிறீர்கள், அதற்கெல்லாம் மனமார்ந்த நன்றி. விடுமுறைக்குப் பிறகு வழக்கமான நேரத்துக்கே வகுப்பு தொடங்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்