நட்சத்திரக் குறியை விரிப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கணினி இணைப்பில் வரும் சி மொழித் தொடரை ஆய்வகத்தில் மாணவர்களிடம் படித்துக் காட்டுவது என் வழக்கம். சென்ற பகுதியில், சி நிரலுக்குள்ளிருந்து லினக்ஸ் கட்டளை எதையும் ‘சிஸ்டம்’ ஃபங்ஷனால் இயக்கலாம் என்று சொல்லி, அத்தோடு முடித்துவிட்டீர்கள். மாணவர்கள் தடுக்கி விழுவது அதற்கு அடுத்த படியில்தான்.

டெர்மினலில் ‘எல்எஸ் *.சி’ (‘.சி’ என்று முடியும் கோப்புகளைப் பட்டியலிடு) என்று அடித்தால் கோப்புகள் வரிசையாக வருகின்றன. அதையே நிரலில், கட்டளையை நேரடியாக இயக்கும் எக்ஸெக்எல்பி ஃபங்ஷன் வழியாகக் கொடுத்தால், ‘*.சி’ என்று ஒரு கோப்பே இல்லை என்று எல்எஸ் கைவிரிக்கிறது. லினக்ஸில் ஏதோ கோளாறு என்கிறார்கள் பிள்ளைகள். கோளாறே இல்லை. நட்சத்திரத்தைக் கோப்புப் பெயர்களாக விரிப்பது, நாம் அடிக்கும் வரியைப் படித்துக் கட்டளைகளை இயக்கும் நிரலான ஷெல்லின் வேலை. எல்எஸ்ஸுக்கு அதில் பங்கில்லை. எக்ஸெக் குடும்பத்து ஃபங்ஷன்கள் ஷெல் பக்கமே போகாமல், கொடுத்த எழுத்தை அப்படியே கட்டளையிடம் சேர்த்துவிடும். (1970களின் தொடக்கத்து யூனிக்ஸில் இந்த விரிப்புக்கென்றே ‘குளோப்’ என்று தனி நிரல் இருந்தது. ஷெல் அதன் உதவியைத்தான் நாடியது.)

சிஸ்டம் ஷெல்லைக் கூப்பிடுவதால் அங்கே நட்சத்திரம் விரிகிறது. ஆபத்தும் அங்கேதான். பயனர் தட்டிய பெயரைக் கட்டளையோடு ஒட்டி சிஸ்டத்திடம் கொடுக்கிறோம் என்று வையுங்கள். அந்தப் பெயருக்குள் கட்டளைகளைப் பிரிக்கும் ஓர் அரைப்புள்ளியும் அதன்பின் கோப்புகளை அழிக்கும் ஓர் ‘ஆர்எம்’மும் இருந்தால், ஷெல் அதையும் சிரத்தையாக நிறைவேற்றும். இதைச் சொல்லாமல் சிஸ்டத்தைக் கற்றுத்தருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சி நிரலுக்குள்ளேயே விரித்துக்கொள்ள, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரத்தில் ‘குளோப்’ என்ற பெயரிலேயே ஃபங்ஷன் உண்டு. பொருந்தும் பெயர்களை அகரவரிசையில் ஓர் அணியாகத் தரும். கடைசியில், அணியின் முடிவைக் காட்டும் ‘நல்’ (NULL) சுட்டியும் இருக்கும். ‘குளோப்_டூஆஃப்ஸ்’ கொடி (ஃபிளாக்) கொடுத்தால் அணியின் தலையில் சில இடங்களைக் காலியாக விடும். கட்டளைப் பெயரையும், இதற்குமேல் ஆப்ஷன் இல்லை என்று சொல்லும் ‘--’ குறியையும் அங்கே நிரப்பி, ஃபோர்க் செய்து (நிரலின் நகலாகப் புதிய ப்ராசஸ் ஒன்றை உருவாக்கி), அணியை வாங்கிக்கொள்ளும் எக்ஸெக்விபியிடம் ஒப்படைத்தால் போதும். ‘--’ குறியை விடக்கூடாது: ‘-ஆர்எஃப்’ என்று யாராவது கோப்புக்குப் பெயர் வைத்திருந்தால், ஆர்எம் அதைத் தனக்கு வந்த ஆப்ஷனாக எடுத்துக்கொள்ளும். எதுவும் பொருந்தாவிட்டால் ‘குளோப்_நோமேட்ச்’ திரும்பி வரும். அதைச் சோதித்தே ஆக வேண்டும். வேலை முடிந்ததும் குளோப்ஃப்ரீயை அழைத்து நினைவகத்தை விடுவிக்க வேண்டும்.

அடுத்த பகுதியில் இந்தக் குளோப் ஃபங்ஷனை ஒரு முழு நிரலோடு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சி மொழி ஆய்வகப் பயிற்றுநர்