தட்டு உங்களிடமே இருக்கட்டும்: பங்க் இசைத்தட்டு சேகரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சேகரிப்பாளர்களுக்கு,

வணக்கம். 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் 300, 500 பிரதிகள் மட்டும் அச்சாகி, அதன்பிறகு எங்கும் கிடைக்காமல் போன பங்க் ராக் (வேகமும் ஆவேசமுமான ராக் இசை) தட்டுகளைத் தேடி அலைகிறவர்கள் நாம். பல வருடம் பெயரை மட்டுமே கேள்விப்பட்டிருந்த ஒரு ஏழு அங்குலத் தட்டு கடைசியில் வீடு வந்து சேரும் நாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உறையைப் பிரிக்கும்போது கை நடுங்கும். அந்த நடுக்கம் எனக்கும் உண்டு. அந்த உரிமையில்தான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தட்டு உங்களிடமே இருக்கட்டும். அதில் இருக்கும் பாட்டின் நல்ல பிரதி ஒன்றை, அதை வாசித்தவர்கள் கையில் கொண்டுபோய்ச் சேருங்கள்.

இதையெல்லாம் கம்பெனிகள் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். நம் அலமாரியில் இருப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கம்பெனி என்று ஒன்று இருந்ததே இல்லை. 1976 டிசம்பர் கடைசியில் பஸ்காக்ஸ் குழுவினர் மான்செஸ்டரில் ஒரே நாளில் நான்கு பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். நண்பர்களிடமும் வீட்டாரிடமும் சுமார் 500 பவுண்டு கடன் வாங்கினார்கள். நியூ ஹார்மோன்ஸ் என்று தாங்களே ஒரு லேபிளுக்கு (தட்டு வெளியிடும் நிறுவனத்துக்கு)ப் பெயர் வைத்து, 1977 ஜனவரியில் ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ என்ற தட்டை முதலில் 1,000 பிரதிகள் அடித்தார்கள். ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது டேக் (பதிவு முயற்சி) என்பதைக்கூட உறையில் அச்சிட்டிருந்தார்கள். பாட்டுப் பதிவு என்பது பெரிய இடத்து ஆட்களுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்ற எண்ணம் அந்த உறையைப் படித்தவர்களுக்குப் போய்விட்டது. அதே ஆண்டு டெஸ்பரேட் பைசைக்கிள்ஸ் குழு இன்னும் ஒரு படி மேலே போய், இது சுலபம், செலவும் குறைவு, நீங்களும் போய்ச் செய்யுங்கள் என்று பாட்டிலேயே சொன்னது. கேட்டவர்கள் செய்தார்கள்.

பஸ்காக்ஸ் தட்டு பலமுறை மறுவெளியீடு கண்டது. அதைப் பார்த்துக் கிளம்பிய மற்றவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சில மணி நேரத்துக்கு ஸ்டுடியோவை வாடகைக்கு எடுத்தார்கள். டேப் விலை அதிகம் என்பதால் அவர்கள் பாடிய டேப்பின் மேலேயே பிறகு வேறு யாரோ பாடினார்கள். இல்லையென்றால், பாக்கியைக் கட்ட முடியாமல் டேப் ஸ்டுடியோவிலேயே தங்கி, ஸ்டுடியோவை மூடியபோது குப்பைக்குப் போனது. தப்பிய டேப்புகளிலும் பல நோயாளிகள். அந்தக் காலத்து டேப் சிலவற்றில் காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை, காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துப் போகும். அப்படியே ஓட்டினால் பாட்டு பழுப்புப் பொடியாக உதிர்ந்து மெஷினில் ஒட்டிக்கொள்ளும். 50 டிகிரி செல்சியஸ் அளவு மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்து எடுத்தால் கொஞ்ச நாளைக்குச் சரியாகும். அதற்குள் படியெடுத்துவிட வேண்டும். (எல்லா டேப்பையும் இப்படிச் சூடாக்கக் கூடாது. தெரிந்தவரிடம் கேட்காமல் தயவுசெய்து கைவைக்காதீர்கள்.)

ஆக, மாஸ்டர் டேப் (ஸ்டுடியோவில் பதிந்த மூல டேப்) இல்லை. வாசித்தவர்களிடமும் பெரும்பாலும் தட்டு இல்லை. நிகழ்ச்சிகளில் விற்றார்கள், நண்பர்களுக்குக் கொடுத்தார்கள், வீடு மாறும்போது தொலைத்தார்கள். மிச்சம் இருப்பது நம்மிடம்தான்.

இது எனக்குப் புரிந்த விதத்தைச் சொல்கிறேன். ஒரே ஒரு சிங்கிள் (ஓரிரு பாட்டு மட்டும் உள்ள சிறு தட்டு) போட்டுவிட்டுக் கலைந்துபோன ஒரு குழுவின் டிரம்மரைச் சில வருடங்களுக்கு முன் தேடிக் கண்டுபிடித்தேன். அந்தப் பாட்டைத் தான் கேட்டு முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது என்றார். என் பிரதியில் முதல் பாட்டு முழுக்கக் கீறல். நல்ல பிரதி வைத்திருந்த ஒரு சேகரிப்பாளரை எனக்குத் தெரியும். அவரிடம் கேட்டேன், பலமுறை கேட்டேன். பதிவு வெளியே போனால் தட்டின் மதிப்பு இறங்கிவிடும் என்று மறுத்துவிட்டார். கடைசியில் என் கீறல் பிரதியையே படியெடுத்து அனுப்பினேன். ஒவ்வொரு கீறலுக்கும் நடுவில் தன் அடி கேட்கிறது என்று அந்த மனிதர் நன்றி சொல்லி எழுதினார். அந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. நல்ல பிரதி ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

மதிப்பு இறங்கும் என்ற பயத்தை நான் மதிக்கிறேன். உங்கள் பணம், உங்கள் உழைப்பு. ஆனால் நான் பார்த்தவரை, மறுவெளியீடு வந்தபிறகு முதல் அச்சைத் தேடுகிறவர்கள் கூடவே செய்கிறார்கள். பாட்டைக் கேட்டவன்தானே தட்டைத் தேடுவான்?

டெட்ராய்ட்டின் டெத் குழுவை நினைத்துப் பாருங்கள். ஹேக்னி சகோதரர்கள் டேவிட், பாபி, டானிஸ் மூவரும் 1975ல் ஏழு பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். குழுவின் பெயரை மாற்றினால் வெளியிடலாம் என்ற பேச்சு வந்தது. டேவிட் மறுத்துவிட்டார். 1976ல் தாங்களே 500 பிரதிகள் ஒரு சிங்கிள் அடித்தார்கள், அதோடு சரி. டேவிட் 2000ல் இறந்துபோனார். அப்படி ஒரு குழு இருந்ததே பாபியின் மகன்களுக்குத் தெரியாது. சேகரிப்பாளர்கள் வழியாக அந்த சிங்கிள் பரவி, அதில் தங்கள் அப்பாவின் குரலைக் கேட்டுத்தான் அவர்கள் தெரிந்துகொண்டார்கள். அப்புறம் 2009ல் அந்த ஏழு பாட்டுகளும் ட்ராக் சிட்டி லேபிளில் ஆல்பமாக வந்தன. எங்கோ யாரோ ஒருவர் தன் பிரதியைப் பூட்டி வைக்காமல் பாட்டை வெளியே விட்டதால் நடந்தது இது. டேவிட்டுக்கு மட்டும் ஒன்பது வருடம் தாமதமாகிவிட்டது.

நான் அவசரப்படுவதும் அதனால்தான். 1977ல் இருபது வயதாக இருந்தவர் இப்போது எழுபதைத் தொடுகிறார்.

சட்டத்திலும் ஒரு கதவு திறக்கப்போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2011ல் ஒலிப்பதிவுகளுக்கான உரிமைக் காலத்தை 50 ஆண்டிலிருந்து 70 ஆக நீட்டியபோது கூடவே ஒரு நிபந்தனை வைத்தது. பிரிட்டனும் 2013ல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வெளியாகி 50 ஆண்டு முடிந்த பதிவைக் கம்பெனி போதிய அளவு விற்காமலோ இணையத்தில் கிடைக்கச் செய்யாமலோ வைத்திருந்தால், அதில் பாடியவரும் வாசித்தவரும் நோட்டீஸ் கொடுக்கலாம். ஓர் ஆண்டுக்குள் கம்பெனி இரண்டையும் செய்யவில்லை என்றால் அவர்கள் எழுதிக்கொடுத்த உரிமை அவர்களிடமே திரும்பிவிடும். 1977ல் வந்த தட்டுகளுக்கு அந்த 50 ஆண்டு 2027 முடிவில் நிறைகிறது. (தாங்களே வெளியிட்டவர்களுக்கு இந்தச் சுற்றே தேவையில்லை.) ஆனால் காகிதத்தில் உரிமை திரும்பி வந்து என்ன செய்ய? பாட்டு வேண்டுமே. அந்த நேரத்தில் அவர்கள் கையில் கொடுக்க நம்மிடம் ஒழுங்கான பிரதி தயாராக இருக்க வேண்டும்.

ஒழுங்கான பிரதி என்றால், தட்டை முதலில் ஈரமுறையில் நன்றாகக் கழுவுங்கள். தேயாத ஊசி போடுங்கள். முடிந்தால் இரண்டு மூன்று அளவு ஊசிகளில் ஓட்டிப் பாருங்கள், தேய்ந்த தட்டில் ஒன்று மற்றதைவிடச் சுத்தமாகப் படிக்கும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்து, எதையும் தொடாத மூலக் கோப்பைத் தனியாக வையுங்கள். இரைச்சலை எடுக்கும் மென்பொருளை வேண்டுமானால் அதன் நகலில் ஓட்டலாம், மூலத்தில் வேண்டாம். இந்தப் பாட்டுகளில் கிட்டாரும் சிம்பலும் எழுப்புவது பாதி இரைச்சல்தான். மென்பொருளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இரைச்சலோடு சேர்த்துப் பாட்டையும் துடைத்துவிடும்.

உறை, உள்ளே மடித்து வைத்த நகல் தாள், தட்டில் ஒட்டியிருக்கும் லேபிள், தட்டின் நடுவில் பாட்டு முடிந்த இடத்தில் கீறியிருக்கும் எண்கள் எல்லாவற்றையும் படம் எடுங்கள். எங்கே அச்சானது, அச்சுக்கான மூலத் தட்டை யார் வெட்டினார்கள் என்பதற்குச் சில நேரம் அந்தக் கீறல் எழுத்து மட்டுமே சாட்சி. உறையில் இருக்கும் பெயரை முழுசாக நம்பிவிடாதீர்கள். 1983ல் மேற்கு பெர்லினில் வெளியான ‘டிடிஆர் ஃபான் உண்டன்’ தட்டில் சௌ-கெர்லெ என்று ஒரு குழு இருக்கும். அது கிழக்கு ஜெர்மனியின் ஷ்லைம்கைம். எல்லை தாண்டிக் கடத்திக் கொண்டுபோன டேப்பில் சொந்தப் பெயரைப் போடும் நிலைமை அவர்களுக்கு இல்லை. உங்களுக்குத் தெரிந்ததை, கேட்டதை, யாரிடம் வாங்கினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதித் தட்டோடு வையுங்கள். உங்களுக்குப் பின் அந்தப் பெட்டியைத் திறப்பவருக்கு அது வேண்டும்.

கடைசியாக, அனுமதி. 1980களின் இறுதியிலிருந்து வந்த ‘கில்ட் பை டெத்’ என்ற பங்க் பாட்டுத் தொகுப்புகள் இல்லையென்றால் இந்தக் குழுக்களில் பாதியின் பெயர்கூட எனக்குத் தெரிந்திருக்காது. அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. ஆனாலும் அவை யாரையும் கேட்காமல் அச்சடித்தவை. வாசித்தவர்களைத் தேடுவது அன்று கடினம். இன்று பல நேரம் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்தால் போதும். அவர்கள் வேண்டாம் என்று சொல்லக்கூடும். பதினெட்டு வயதில் கத்தியதை மறக்க விரும்புகிறவர்களும் உண்டு. அப்படிச் சொன்னால் ஒலிக்கோப்பை அவர்களிடம் கொடுத்துவிட்டு நம் நகலை வெளியே விடாமல் வைத்துக்கொள்வோம்.

என்னிடம் நாற்பத்து இரண்டு சிங்கிள்களும் ஒரு பெட்டி நிறைய டெமோ கேசட்டுகளும் இருக்கின்றன. சிங்கிள்களில் பத்தொன்பதைப் படியெடுத்துவிட்டேன். பதினொரு குழுக்களைக் கண்டுபிடித்துக் கோப்புகளை ஒப்படைத்துவிட்டேன். மீதியில் ஆறு தட்டுகள் என்னிடம் மோசமான நிலையில் இருக்கின்றன. அவற்றின் நல்ல பிரதி உங்களில் யாரிடமாவது இருக்கும். தட்டை எனக்கு அனுப்ப வேண்டாம், உங்கள் வீட்டிலேயே படியெடுங்கள். அதற்கு மெஷின் இல்லையென்றால் என்னுடையதைத் தூக்கிக்கொண்டு நானே வருகிறேன்.

இப்படிக்கு,
உங்களைப் போலவே தட்டு சேர்க்கும் ஒருவன்