பூட்டுகளையும் சார்புகளையும் சலித்துப் பார்த்தவர்களுக்கு நன்றி

வணக்கம்.

எங்கள் பகிர்நினைவக ஃபர்ம்வேர் டிரைவரின் (சிப்பின் உள்மென்பொருளோடு பொது நினைவகம் வழியாகப் பேசும் லினக்ஸ் நிரலின்) பேட்ச் தொகுப்பை வரிவரியாகப் படித்தவர்களுக்கும், பலகையில் ஏற்றி ஓட்டிப் பார்த்தவர்களுக்கும் இந்த மடல். இரண்டு வரியில் முடித்திருக்கலாம்தான். ஆனால் நீங்கள் எழுப்பிய கேள்விகள் இதே மாதிரி டிரைவர் எழுதும் அடுத்தவருக்கும் பயன்படும். அதனால் எதற்கு நன்றி சொல்கிறோம் என்பதை விவரமாகவே எழுதுகிறோம்.

புதிதாகப் படிப்பவருக்கு அமைப்பைச் சொல்லிவிடலாம். சிப்பில் லினக்ஸ் ஓடும் பெரிய கோர்கள் ஒரு பக்கம். மின்னழுத்தமும் கிளாக்கும் பார்த்துக்கொள்ளும் சின்ன மைக்ரோகன்ட்ரோலர் மறு பக்கம், அதில் ஓடுவதுதான் ஃபர்ம்வேர். நடுவே, இரு பக்கமும் அணுகும் எஸ்ரேம் நினைவகத்தில் டிஎக்ஸ் (லினக்ஸ் அனுப்புவது), ஆர்எக்ஸ் (லினக்ஸ் பெறுவது) என இரண்டு வளைய வரிசைகள். அடுத்து எழுத வேண்டிய இடத்தை முன்சுட்டியும், அடுத்து படிக்க வேண்டிய இடத்தைப் பின்சுட்டியும் காட்டும். டிஎக்ஸில் முன்சுட்டியை லினக்ஸ் நகர்த்தும், பின்சுட்டியை ஃபர்ம்வேர் நகர்த்தும். ஆர்எக்ஸில் இது தலைகீழ். செய்தியை எழுதி, முன்சுட்டியைத் தள்ளி, மெயில்பாக்ஸ் என்ற அறிவிப்பு வன்பொருள் வழியாக மணியடித்தால் அந்தப் பக்கம் விழித்துக்கொள்ளும். வரிசையில் 8 இடம் இருந்தால் 7 செய்திதான் நிற்கும். நிரம்பிய வரிசைக்கும் காலி வரிசைக்கும் வித்தியாசம் தெரிய ஓர் இடத்தை விட்டுவைக்க வேண்டும்.

முதல் நன்றி, ஒரே மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பிடிக்கக்கூடிய பூட்டு) போதாது என்று எழுதியவருக்கு. இத்தகைய டிரைவரைப் பார்க்கும் யாருக்கும் ஒன்றே போதும் என்றுதான் தோன்றும். பூட்டுச் சிக்கல்களைக் கண்டுபிடிக்கும் கர்னல் கருவியான லாக்டெப்பை இயக்கிப் பார்த்தாலும் ஒரு எச்சரிக்கையும் வராது. நீங்கள் காட்டிய சூழ்நிலை இது: ஒரு த்ரெட் (தனியே ஓடும் நிரல் இழை) மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டு டிஎக்ஸில் இடம் வரக் காத்திருக்கிறது. ஆர்எக்ஸ் நிரம்பிவிட்டதால் பதில் வைக்க இடமில்லாமல் ஃபர்ம்வேர் டிஎக்ஸை எடுப்பதை நிறுத்திவிட்டது. ஆர்எக்ஸைக் காலி செய்ய வேண்டிய இன்னொரு த்ரெட்டோ அதே மியூடெக்ஸுக்காக நிற்கிறது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு டைம்அவுட் வரை நிற்பார்கள். லாக்டெப்புக்கு லினக்ஸ் பக்கப் பூட்டுகள் மட்டுமே தெரியும். மறுமுனையில் ஒரு ப்ராசஸர் காத்திருப்பது அதன் கணக்கிலேயே வராது. அந்தக் கணக்கை மனிதர்தான் போட வேண்டும், நீங்கள் போட்டீர்கள்.

இப்போது இரண்டு பூட்டுகள் இருக்கின்றன. டிஎக்ஸ் பூட்டு முன்சுட்டியையும், செய்தியை அதன் பதிலோடு இணைக்கும் வரிசை எண்களையும் காக்கிறது. ஆர்எக்ஸ் பூட்டு பின்சுட்டியையும் எடுத்துவைத்த பதில்களையும் காக்கிறது. டிஎக்ஸில் இடத்துக்குக் காத்திருக்கும் த்ரெட் சும்மா சுற்றாமல் ஆர்எக்ஸையும் காலி செய்கிறது. எனவே டிஎக்ஸ் முதலில், ஆர்எக்ஸ் அடுத்து. பூட்டைப் பிடிக்கும் இந்த ஒழுங்கு எங்கும் மாறக்கூடாது. இந்த விதியை லாக்டெப்பே காவல் காக்கும் என்பதால் அதைக் கமென்ட்டாக எழுதியதோடு நிறுத்தாமல், லாக்டெப்பின் சரிபார்ப்பை இயக்கும் ப்ரூவ் லாக்கிங் அமைப்பு கொண்ட கர்னலிலேயே எல்லாச் சோதனையும் நடக்கிறது.

வரிசை எண்ணைப் பற்றிக் கேட்டவருக்குத் தனி நன்றி. எண்ணுக்கு 6 பிட். 0-ஐ ஒதுக்கிவிட்டால் 1 முதல் 63 வரை. 100 மில்லிசெகண்டில் பதில் வராவிட்டால் டைம்அவுட் என்று திரும்பிவிடுகிறோம். அப்போதே அந்த எண்ணை விடுவித்தால் என்ன ஆகும்? 17-ஆம் எண்ணில் ஒருவர் பக் ரெகுலேட்டரின் மின்னழுத்தத்தைக் கேட்கிறார், பதில் தாமதமாகிறது. 17 விடுபடுகிறது. வேறொருவர் அதே 17-இல் வெப்பநிலை கேட்கிறார். பழைய பதில் இப்போது வந்து சேர்கிறது. வெப்பநிலை கேட்டவர் கையில் மின்னழுத்தம்! பிழைக்குறி எதுவும் கிடையாது, மதிப்புதான் தவறு. டைம்அவுட்டான எண்ணை, அதன் பதில் வந்து சேரும் வரையோ சேனலை (இந்த இரு வரிசைகள் அடங்கிய தொடர்பு வழியை) மீட்டமைக்கும் வரையோ மறுபடி கொடுக்கக்கூடாது. இதற்கென, எண்ணுக்கு ஒரு பிட் என்று குறித்துவைக்கும் இரண்டாவது பிட்மேப் சேர்த்திருக்கிறோம். பதில் இறங்கும் பஃபரும் இனி சேனலுடையது, அழைப்பவரின் ஸ்டாக்கில் (ஃபங்ஷன் முடிந்ததும் கைவிடப்படும் தற்காலிக நினைவகத்தில்) உள்ளது அல்ல. தாமதமாக வந்த பதில் திரும்பிப்போன ஃபங்ஷனின் ஸ்டாக்கில் எழுதினால் அதைத் தேடிப் பிடிப்பதற்குள் ஆயுள் போய்விடும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: ஒரு த்ரெட் ஆர்எக்ஸைப் படிக்கும்போது மற்றவருடைய பதிலும் கையில் வரும். அதைப் பிரதியெடுத்து அவருக்கான இடத்தில் வைத்த பிறகே பின்சுட்டியை நகர்த்த வேண்டும். சுட்டியை முதலில் நகர்த்தினால் அந்த இடத்தை ஃபர்ம்வேர் உடனே மேலெழுதலாம்.

முன்சுட்டிக்கு ரிலாக்ஸ்டு வகை எழுத்து (முன்பின் ஒழுங்குக்கு உறுதி தராத எழுதும் முறை) வேண்டாம் என்று தடுத்ததும் சரியே. எஸ்ரேம், எழுத்துகளைச் சேர்த்து அனுப்பும் ரைட்-கம்பைன் முறையில் மேப் ஆகியிருந்தால், செய்தி போய்ச் சேருமுன் சுட்டி போய்ச் சேரலாம். சாதாரண ரைட்எல் ஃபங்ஷன் தனக்கு முந்தைய எழுத்துகளைத் தடைபோட்டு வரிசைப்படுத்தும். அதேபோல், டிவைஸ் மெமரியாக மேப் செய்த இடத்தில் வெறும் மெம்காப்பி (சாதாரண நினைவகப் பிரதி) கூடாது. ஆர்ம் 64-இல் அலைன் ஆகாத (முகவரி எல்லைக்குப் பொருந்தாத) அணுகல் அங்கே ஃபால்ட் ஆகும்.

கிளாக் துறையிலிருந்து வந்த கேள்வி ஒரே வரிதான்: "இதை எந்தச் சூழலிலிருந்து அழைப்பீர்கள்?" கிளாக் ஃப்ரேம்வொர்க்கில் ப்ரிப்பேர் என்ற படி மியூடெக்ஸின் கீழ் ஓடும், எனேபிள் என்ற படியோ இன்டரப்ட் அணைந்த ஸ்பின்லாக்கின் (தூங்க அனுமதிக்காத பூட்டின்) கீழ் ஓடும். தூங்கக்கூடிய சேனலை எனேபிளில் கூப்பிட்டால், பூட்டு காலியாக இருக்கும் நாளெல்லாம் ஒழுங்காக ஓடுவதுபோல் நடிக்கும். தூங்கக்கூடாத இடத்தில் தூங்குவதைக் கண்டறியும் டீபக் அட்டாமிக் ஸ்லீப் சோதனையை இயக்கியிருந்தால்தான் முதல் நாளே கத்தும். ஃபர்ம்வேர் கிளாக்குகளின் வேலை இப்போது ப்ரிப்பேருக்குப் போய்விட்டது.

இனி சாதனச் சார்புகள். பிஎம்ஐசி (மின்சார மேலாண்மை சிப்), கிளாக், தெர்மல் டிரைவர்கள் எல்லாம் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயின் பிஹேண்டில் (ஒரு சாதனத்தைச் சுட்டும் குறிப்பு) வழியாக எங்கள் ஹேண்டிலைப் பெறுகின்றன. எங்கள் ப்ரோப் (டிரைவர் சாதனத்தோடு இணையும் தொடக்க வேலை) முடியவில்லை என்றால் -517, அதாவது பிறகு வா என்ற பதில், அவர்களுக்குப் போக வேண்டும். இதில் நீங்கள் பிடித்த நுணுக்கம், டிரைவர் டேட்டாவை (மற்றவர்கள் ஹேண்டிலைக் கண்டெடுக்கும் சுட்டியை) எப்போது வைக்கிறோம் என்பது. அதை ப்ரோப்பின் தொடக்கத்திலேயே வைத்தால், மெயில்பாக்ஸ் சேனல் கிடைக்குமுன்பே அரைகுறை ஹேண்டிலை யாராவது எடுத்துக்கொள்வார்கள். கடைசியில்தான் வைக்க வேண்டும். குழந்தைச் சாதனங்களை உருவாக்குவதும் அதற்குப் பிறகே, ஏனென்றால் அவை பிறந்த கையோடு செய்தி அனுப்பத் தொடங்கும்.

எங்கள் மாட்யூலின் பயன்பாட்டு எண்ணிக்கையைப் பிடித்து வைத்தால் போதாதா என்ற விவாதம் நீண்டது, நீண்டது நல்லதே. மாட்யூல் எண்ணிக்கை ஆர்எம்மாடை (மாட்யூலை நீக்கும் கட்டளையை) மட்டுமே தடுக்கும். சிஸ்எஃப்எஸ் (கர்னல் காட்டும் கோப்பு இடைமுகம்) வழியாக டிரைவரை அன்பைண்ட் செய்பவரை (சாதனத்திலிருந்து பிரிப்பவரை) அது தடுக்காது. மாட்யூல் நினைவில் இருக்கும், ஹேண்டில் மட்டும் செத்திருக்கும். டிவைஸ் லிங்க் (சாதனங்களுக்கு இடையேயான சார்பைக் கர்னலுக்குச் சொல்லும் இணைப்பு) இருந்தால், சப்ளையரை (சேவை தரும் சாதனத்தை) அவிழ்க்குமுன் கன்ஸ்யூமர்களை (அதைச் சார்ந்தவற்றை) கர்னலே அவிழ்த்துவிடும். சஸ்பெண்டில் கன்ஸ்யூமர் முதலில் தூங்கி, ரெஸ்யூமில் பிறகு எழும். ஸ்டேட்லெஸ் கொடி போட்ட லிங்க்குக்கு இந்தக் கட்டாய அவிழ்ப்பு கிடையாது என்று நினைவூட்டியவர் பல மணி நேர வேலையை மிச்சப்படுத்தினார். லிங்க் உருவாகாவிட்டால் திரும்புவது நல் (வெற்றுச் சுட்டி) மட்டுமே, பிழைக்குறி அல்ல. அங்கே எடுத்த டிவைஸ் ரெஃபரன்ஸையும் மாட்யூலையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஃபர்ம்வேர் சொல்லும் வரிசை நீளத்தை அப்படியே நம்பாதீர்கள் என்றவருக்கும் நன்றி. நீளம் 0 என்றால் அதால் வகுத்து மீதி எடுக்கும் மாடுலோ கணக்கே பொருளிழக்கும், சுட்டி வரம்பு மீறினால் எஸ்ரேமுக்கு வெளியே போகும். மதிப்பை ஒருமுறை மட்டும் லோக்கல் மாறியில் படித்து, அதையே சரிபார்த்து, அதையே பயன்படுத்துகிறோம். இரண்டாவது முறை படித்தால் நடுவில் அது மாறியிருக்கலாம்.

டிவைஸ் ட்ரீ பைண்டிங் ஆவணத்தைத் திருத்தியவர்கள், ப்ரோப் பிழைகளுக்குப் பொருத்தமான லாக் வரியைச் சொன்னவர்கள் எல்லாருக்கும் நன்றி.

பலகை வைத்திருப்பவர்களின் உழைப்பு வேறு ரகம். வேண்டுமென்றே 150 மில்லிசெகண்ட் கழித்துப் பதில் சொல்லும் ஃபர்ம்வேரைக் கட்டித் தந்தவர் இல்லாவிட்டால் அந்த 17-ஆம் எண் கதை காகிதத்தோடு நின்றிருக்கும். ஒரு டெர்மினலில் வெப்பநிலையை இடைவிடாமல் படித்துக்கொண்டே, இன்னொன்றில் சப்ளையரை அன்பைண்ட், பைண்ட் என்று மாற்றி மாற்றி ஓட்டியவருக்கும் கடன்பட்டிருக்கிறோம். அந்த ஸ்கிரிப்டையும் தொகுப்போடு சேர்த்து அனுப்புகிறோம். ஓட்டும்போது டிஃபர்டு (ப்ரோப் ஒத்திவைக்கப்பட்ட) சாதனங்களின் டீபக்எஃப்எஸ் பட்டியலையும் ஒரு கண் பாருங்கள். சுற்று முடிந்ததும் அது காலியாக இருக்க வேண்டும்.

நன்றியுடன்,
டிரைவர் பராமரிப்புக் குழு