ஆய்வுக்கூடத் தூய்மை ஊசிக்கு உத்தரவாதம் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் தோல் புதுப்பிப்பு பற்றிய கட்டுரையில், "ஆய்வுக்கூடத் தரத்தில் கிடைப்பதால் இந்தப் பெப்டைடுகளைத் தயங்காமல் நம்பலாம்" என்று ஒரு வரி. பெப்டைடு என்றால் புரதத்தின் சிறு துண்டு போன்றது. செல் வளர்ப்புக் கூடத்தில் பல வருடங்களாக வேலை செய்கிறேன், எங்கள் ஃப்ரீசரில் கிடக்கும் அதே குப்பிகளைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள் என்பதால் அதைச் சும்மா கடந்துபோக என்னால் முடியவில்லை.

குப்பியோடு வரும் சான்றிதழில் தூய்மை 98, 99 சதவீதம் என்று போட்டிருக்கும். அது கலவையிலுள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி சொல்லும் கணக்கு. பாக்டீரியாவிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற நச்சு அந்த வரைபடத்தில் தெரியாது. கிருமி நீக்கியதா இல்லையா என்பதும் தெரியாது. அதற்கெல்லாம் தனிச் சோதனைகள் உண்டு, செல் ஆய்வுக்கு மட்டும் விற்கிறவர் அவற்றைச் செய்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு குப்பி சந்தேகமாக இருந்தால் நாங்கள் தட்டோடு செல்களைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவோம். ஊசி போட்டுக்கொண்டவர் என்ன செய்வார்?

என் அக்கா மகனுக்கு வெண்புள்ளி. நிறம் திரும்பும் என்று எங்கேயோ படித்துவிட்டு, தோல் நிறமியைத் தூண்டும் மெலனோடான் 2 என்ற பெப்டைடுப் பொடியை வாங்கித் தானே கரைத்துப் போட்டுக்கொண்டான். குமட்டல், முகச் சிவப்பு, அப்புறம் முதுகில் இருந்த மச்சம் கறுத்துப் பெரிதானது. அது மருந்தால் வந்ததா வேறு ஏதாவதா என்று பார்வையிலேயே சொல்ல முடியாமல் தோல் மருத்துவர் அதை வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை அக்கா தூங்கவில்லை. புற்று இல்லை என்று வந்தது. ஏண்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில், "லேப் கிரேடுதானே மாமா." உங்கள் கட்டுரையின் வரியும் அதேதான், ஐயா.

இந்த மெலனோடான் வகை மூலக்கூறுகளைப் பற்றி உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. உடலில் நிறமியைத் தூண்டும் ஆல்ஃபா எம்.எஸ்.எச். ஹார்மோனை ஒட்டிச் செய்தவை. அவற்றில் அஃபாமெலனோடைடு ஒன்றுதான் தோலுக்கான மருந்தாகத் தேறியது. 2014இல் ஐரோப்பாவிலும் 2019இல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது, அதுவும் வெளிச்சம் பட்டாலே தோல் எரியும் ஓர் அரிய மரபு நோய்க்கு. பயிற்சி பெற்றவர் தோலுக்கடியில் வைக்கும் 16 மில்லிகிராம் துண்டு அது, வைத்தபிறகும் வருடத்துக்கு இரண்டு முறை உடல் முழுக்கத் தோலைப் பார்க்கச் சொல்கிறார்கள். அனுமதி பெற்ற மருந்துக்கே இத்தனை காவல். மெலனோடான் 2க்கு அங்கே இரண்டு இடத்திலும் அனுமதியே இல்லை. உங்கள் கட்டுரை இரண்டையும் ஒரே பத்தியில் சேர்த்துவிட்டது. செம்புப் பெப்டைடு ஜி.எச்.கே.யையும் அப்படித்தான், கிரீமாகத் தடவுவதும் ஊசியில் ஏற்றுவதும் ஒன்று என்பதுபோல.

இது முதல்முறை என்றால் பொறுத்திருப்பேன். முன்பு எலியின் காயம் சீக்கிரம் மூடியதை வைத்து, இனி மனிதருக்குத் தழும்பே வராது என்று தலைப்பு போட்டீர்கள். எலியின் தோலுக்கடியில் இருக்கும் தசைப் படலம் காயத்தைச் சுருக்கி மூடிவிடும், நம் தோலில் பெரும்பாலும் புதுத் தோல் வளர்ந்துதான் மூடவேண்டும் என்று அப்போதே எழுதினேன். பதில் இல்லை. வெண்புள்ளி உள்ளவர்களின் மன வேதனை பற்றி நீங்கள் உருக்கமாக ஒரு பக்கம் போட்டபோது, எதிர்ப்பக்கத்திலேயே நிறம் வெளுக்கும் கிரீம் விளம்பரம் இருந்தது. அதையும் எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் இதழைப் படிக்கிறேன், வீட்டில் படிக்கவும் கொடுக்கிறேன், அதனால்தான் மனசு வலிக்கிறது.

நீளமான மறுப்பு எதுவும் கேட்கவில்லை. அந்தக் குப்பிகளின் லேபிளில் இருக்கும் "ஆய்வுக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற வாசகத்தை அடுத்த இதழில் கட்டம் கட்டிப் போடுங்கள். ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்கள் தங்கள் மச்சங்களைத் தோல் மருத்துவரிடம் காட்டட்டும், என்ன போட்டுக்கொண்டோம் என்பதை மறைக்காமல் சொல்லட்டும் என்று கீழே ஒரு வரி சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்