கன்னிமாராவின் கதையைத் தமிழிலும் சொல்லுங்கள்: மரபு நடை நடத்தும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு, வணக்கம்.

மெட்ராஸ் தினத்தையொட்டி நீங்கள் நடத்திய ஓட்டல் நடைக்கு அப்பாவும் நானும் வந்திருந்தோம். கதை சொன்ன இளைஞர் நன்றாகப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். ஆனால் ‘வணக்கம்’ என்று ஆரம்பித்ததைத் தவிர, கடைசிவரை ஒரு வாக்கியம்கூடத் தமிழில் பேசவில்லை.

பின்னி சாலையில் கன்னிமாரா ஓட்டலுக்கு வெளியே நடைபாதையில் நிற்கவைத்து, வெள்ளைக்காரர் காலத்தில் மெட்ராஸ் கவர்னராக இருந்த கன்னிமாரா பிரபுவின் குடும்பச் சண்டையைச் சொன்னார். பிரபுவின் மனைவி சூசன், இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த டல்ஹவுசியின் மகள். கணவரோடு பிணங்கிக்கொண்டு, அப்போது ஆல்பனி என்ற பெயரில் இருந்த இதே ஓட்டலில் வந்து தங்கினார் என்பது ஊர்ப்பேச்சு. 1890இல் விவாகரத்து ஆனது, கவர்னர் பதவியும் அதே ஆண்டோடு முடிந்தது. ஓட்டலுக்கு மட்டும் அந்தப் பிரபுவின் பெயரே வந்து ஒட்டிக்கொண்டது! கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்பா என் முழங்கையைத் தொட்டு, “என்னப்பா சொல்றாரு?” என்றார். பஸ் ஹாரனுக்கு நடுவே நான் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் ஓட்டலின் ஆர்ட் டெகோ கட்டடப் பாணிக்குப் போய்விட்டீர்கள். அப்பா சிரித்தபோது வேறு யாரும் சிரிக்கவில்லை, இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. மதில் நிழலில் ஒதுங்கி நின்றுகொண்டார்.

அவர் சிந்தாதிரிப்பேட்டைக்காரர். 1983இல் மவுண்ட் ரோட்டின் பெரிய கடையான ஸ்பென்சர் கட்டடம் எரிந்ததை நேரில் பார்த்தவர். அந்த ஸ்பென்சரின் முதலாளி யூஜின் ஓக்ஷாட்தான் 1891இல் கன்னிமாராவை வாங்கினார் என்பதை நான் வீட்டுக்கு வந்துதான் அவருக்குச் சொன்னேன். “அப்படியா, இது அவங்க ஓட்டலா?” என்று அரை மணி நேரம் பழைய மவுண்ட் ரோட்டைப் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சு உங்கள் நடையில் நடந்திருக்க வேண்டியது. 1854இல் இம்பீரியல் ஓட்டலாகத் தொடங்கியபோது அது ஒரு முதலியாரின் சொத்து என்பதையும், 1974இல் அதைப் புதுப்பித்த ஜெஃப்ரி பாவாதான் பின்னாளில் இலங்கை நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்தார் என்பதையும் கேட்க இங்கே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆகவே கேட்கிறேன்: மாதத்தில் ஒரு நடையையாவது தமிழில் நடத்துங்கள்.

இதையே அன்று கேட்டதற்கு, “தமிழில் வைத்தால் ஆள் வராது சார்” என்றார் உங்களில் ஒருவர். வைத்துப் பார்த்தீர்களா? வாட்ஸ்அப் அழைப்பு தமிழில் வந்தது. பணம் கட்டச் சொன்னதும் தமிழில்தான். கதைக்கு மட்டும் தமிழ் ஆகாது போல. இந்த ஊரில் இது பழகிப்போன விஷயம். ஓட்டல் வாசலில் நிற்கும் காவலாளி தமிழ் பேசுவார், உள்ளே மெனு கார்டு பேசாது. அருங்காட்சியகத்துக்குப் போனாலும் தமிழ்ப் பலகையில் இரண்டு வரி, ஆங்கிலப் பலகையில் ஒரு பத்தி. வெள்ளைக்காரக் கவர்னரின் விவாகரத்தைத் தமிழில் சொன்னால் அவர் கோபித்துக்கொள்வாரோ என்னவோ!

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். மன்னிக்கவும். ஞாயிற்றுக்கிழமை காலையில், சம்பளம் இல்லாமல் இதைச் செய்கிறீர்கள் என்று தெரியும். ஆங்கில நடையை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. அதற்கும் ஆட்கள் வரட்டும். தமிழ் நடை ஒன்றைத் தனியாக வையுங்கள், அவ்வளவுதான். வெயிலுக்கு முன்னால், ஏழு மணிக்கு ஆரம்பித்தால் வயதானவர்களுக்கும் சௌகரியம். அந்தப் பேச்சைத் தமிழில் எழுதித் தர நான் தயார். ஆள் சேர்ப்பதும் என் பொறுப்பு, சிந்தாதிரிப்பேட்டையிலிருந்தே ஒரு வேன் நிறைய வருவார்கள். தேதியை மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நடைக்கு வந்த ஒருவன்