குன்னூரின் பெயரில்லாத மாதிரி ரயில் சங்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், ரயில்களைச் சிறிய அளவில் செய்து ஓட்டும் மாதிரி ரயில் சங்கங்களின் வரலாறு குறித்து வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். லண்டனில் 1910-இல் தொடங்கிய சங்கம் இன்றும் இயங்கிவருவதையும், அமெரிக்காவில் 1935-இல் அமைந்த தேசியச் சங்கம் சக்கரங்களுக்கும் தண்டவாளங்களுக்கும் பொது அளவுகளை வகுத்ததையும் கட்டுரையாளர் தெளிவாகவே எழுதியிருக்கிறார். ஆனால் நம் நாட்டில் இது பெருநகரத்துச் செல்வந்தர்களின் பொழுதுபோக்காக மட்டுமே இருந்துவந்தது என்று அவர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. குன்னூரில் பல ஆண்டுகள் அப்படி ஒரு கூட்டம் இயங்கியது. அதில் நானும் ஒருவன். எங்களில் செல்வந்தர் என்று சொல்லத்தக்கவர் யாரும் இல்லை.

சங்கம் என்று சொல்லவே சற்றுக் கூச்சமாக இருக்கிறது. அதற்குப் பெயரும் இல்லை, பதிவும் இல்லை, சந்தா ரசீதும் இல்லை. தேயிலைத் தொழிற்சாலை மெக்கானிக் ஒருவர், தபால் நிலைய எழுத்தர் ஒருவர், தையற்காரர் ஒருவர், பள்ளி ஆசிரியனான நான் ஆகிய நால்வரும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் வாடகை அறை ஒன்றில் கூடுவோம். எங்கள் ஊர் மலை ரயிலையே பலகையில் கட்டுவது என்று முதல் நாளே முடிவாகிவிட்டது. எந்த அளவில் கட்டுவது என்பதற்குத்தான் மாதக்கணக்கில் வாதாடினோம்.

அந்த வாதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சங்கத்தின் உண்மையான வரலாறு அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். கடைகளில் எளிதாகக் கிடைத்தது 16.5 மில்லிமீட்டர் அகலமுள்ள மாதிரிப் பாதை. அது ஐரோப்பாவின் 1,435 மில்லிமீட்டர் பாதையை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கியது. நம் மலை ரயிலோ 1,000 மில்லிமீட்டர் அகலமுள்ள மீட்டர் கேஜ். அதை அதே விகிதத்தில் சுருக்கினால் ஏறக்குறைய பதினொன்றரை மில்லிமீட்டர் வரும். அதற்காக விற்கப்படும் பாதையின் அகலம் 12 மில்லிமீட்டர், விலையும் அதிகம். மலிவான 16.5 பாதையையே மீட்டர் கேஜாக வைத்துக்கொண்டு, பெட்டிகளை 60-இல் ஒரு பங்காகப் பெரிதாகக் கட்டிவிடலாம், எப்படியும் பெட்டிகளை நாம்தானே செய்யப்போகிறோம் என்றார் மெக்கானிக். கணக்குப்படி அவர் சொன்னது சரிதான். ஆனால் தொடக்க நிலையமான மேட்டுப்பாளையத்தில் சென்னையிலிருந்து வரும் அகலப் பாதையும் மலை ஏறும் மீட்டர் கேஜும் அடுத்தடுத்து நிற்கின்றனவே. 60-இல் ஒரு பங்கு என்றால் 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதைக்கு 28 மில்லிமீட்டரில் தண்டவாளம் வேண்டும், அதற்கு எங்கே போவது? கடைசியில் மலைக்கு 12 மில்லிமீட்டர் பாதையும் சமவெளிக்கு 16.5 பாதையும் என்று ஒத்துக்கொண்டோம். சமவெளிக்கு நியாயமாக 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருந்திருக்க வேண்டும். ஆகவே எங்கள் மேட்டுப்பாளையத்துக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஐரோப்பியப் பாதையில்தான் வந்து நின்றது.

முழுப் பாதையையும் கட்டும் ஆசை ஒரு மாலைக் கணக்கிலேயே தீர்ந்துபோயிற்று. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரையிலான 46 கிலோமீட்டரை 87-ஆல் வகுத்தால் சுமார் 529 மீட்டர் வருகிறது. 326 மீட்டரிலிருந்து 2,203 மீட்டர் வரை ஏறும் உயரத்தை வகுத்தால் இருபத்தொன்றரை மீட்டர், அதாவது ஏறத்தாழ ஏழு மாடிக் கட்டடம். எங்கள் அறையின் கூரை ஒன்பது அடி. 208 வளைவுகளில் பதினொன்றும் 16 குகைகளில் இரண்டும் போதும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம்.

குன்னூர் லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் யாரோ சொல்லக் கேட்டு ஒரு நாள் எங்கள் அறைக்கு வந்தார். ஐந்து நிமிடம் பேசாமல் பார்த்துவிட்டு, “தம்பி, இஞ்சின் தப்பான பக்கம் நிக்குது. மலையில வண்டிய இழுக்க மாட்டோம், கீழ இருந்து தள்ளுவோம்” என்றார். தினமும் அந்த ரயிலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த நாங்கள் நால்வரும் அதைக் கோட்டைவிட்டிருந்தோம் என்பதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அன்றிலிருந்து அவர் எங்களில் ஐந்தாமவர். செங்குத்தான ஏற்றத்தில் சக்கரம் வழுக்காமலிருக்கச் சுவிட்சர்லாந்தின் ரோமன் அப்ட் வகுத்த பல்சட்ட முறையில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் தண்டவாளங்களின் நடுவே இரண்டு பல்சட்டங்கள் ஓடுகின்றன. ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றொன்றின் பள்ளம் வருமாறு அமைத்திருப்பதால் இஞ்சினின் பல்சக்கரம் எப்போதும் ஏதேனும் ஒரு பல்லைப் பற்றிக்கொண்டே இருக்கும். வின்டர்தூரில் செய்த எக்ஸ் வகை நீராவி இஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள் உண்டு. கீழ் இணை சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். அதில் வேலை செய்து வெளிவரும் நீராவி மேல் இணைக்குப் போய்ப் பல்சக்கரங்களை ஓட்டும். குன்னூருக்கு மேலே பல்சட்டம் இல்லை, ஆகவே அங்கே மேல் சிலிண்டர்களின் தண்டுகள் அசையக் கூடாது என்பதில் பெரியவர் கண்டிப்பாக இருந்தார். எங்கள் மோட்டாரில் அதற்கு வழி செய்ய முடியவில்லை. கடைசிவரை எங்கள் இஞ்சின் கேத்தியிலும் மேல் தண்டை ஆட்டிக்கொண்டுதான் போயிற்று.

தள்ளும் வண்டி தடம் புரளும் என்பதையும் அப்போதுதான் கற்றோம். அட்டையில் செய்த பெட்டிகள் எடையற்றவை. 12-க்கு 1 ஏற்றத்தில் பின்னாலிருந்து தள்ளியதும் வளைவுகளில் நிமிர்ந்து வெளியே விழுந்தன. மெக்கானிக் ஈயத் துண்டுகளை உருக்கி ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் வைத்த பிறகே வண்டி மேலே போனது. ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் நிற்கும் பிரேக்ஸ்மேனுக்குச் சிவப்பும் பச்சையுமாகக் கொடி தைத்துக் கொடுத்தார் தையற்காரர். ஒரு கொடி அரிசி மணி அளவு இருக்கும். வடிகட்டிய தேயிலைத் தூளை வெயிலில் காயவைத்துப் பசையின் மேல் தூவினால் நீலகிரி மண்ணின் நிறம் அப்படியே வந்துவிடும் என்பதைக் கண்டுபிடித்தவர் தபால் எழுத்தரின் மனைவி. நான் அறிந்தவரை அவரைப் பற்றி எந்தப் பதிவும் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

பிறகு நடந்ததில் சொல்ல அதிகம் இல்லை. குன்னூரின் மூடுபனியில் பிளைவுட் பலகைகள் முறுக்கிக்கொண்டன, பித்தளைத் தண்டவாளங்கள் கறுத்து மின்சாரம் பாயாமல் நின்றன, ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைப்பதே ஞாயிற்றுக்கிழமை வேலையாயிற்று. பெரியவர் காலமானார். தபால் எழுத்தர் மகனோடு கோவைக்குப் போய்விட்டார். அறை உரிமையாளருக்கு அறை தேவைப்பட்டது. இன்று மேட்டுப்பாளையம் பலகை என் வீட்டு மாடிப்படியின் அடியில் இருக்கிறது. பெரியவர் அடியிலும் அங்குலத்திலும் பென்சிலால் எழுதிய அளவுக் குறிப்பேடு அவர் மகள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது.

பொன்மலை, போத்தனூர், ஜோலார்பேட்டை போன்ற ரயில்வே ஊர்களிலும் இப்படிப் பெயரில்லாமல் இயங்கிய கூட்டங்கள் இருந்திருக்கும் என்று நம்புகிறேன். அவற்றைச் சேர்ந்தவர்கள் தங்கள் அளவுக் குறிப்புகளையும் படங்களையும் இதழுக்கு எழுதி அனுப்பும்படி ஓர் அறிவிப்பு வெளியிட்டால், கட்டுரையின் அடுத்த பகுதிக்கு அவை உதவும். குறிப்பேட்டின் பக்கங்களை நகலெடுத்து அனுப்ப நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இன்னொரு சிறு திருத்தம்: கட்டுரையோடு வெளியான இரண்டாவது படத்தின் கீழ் மலை ரயிலை இஞ்சின் “இழுத்துச் செல்கிறது” என்று அச்சாகியிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பெட்போர்டு, குன்னூர்.